பின்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக் எதைப் பிடிக்கும்?

கேமரன் மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைச் சரிவைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சரிவு வேறு விதத்தில் பழக்கம். கோலி விளையாடினால் குண்டு குழிக்குள் நிற்காது. உருண்டு அடுத்த லயத்து வாசலுக்குப் போய்விடும். தோட்டத்தில் உண்மையான சமதளம் என்று சொன்னால் கோயில் வாசல், பந்துத் திடல், தேயிலை ஆலை முற்றம், அவ்வளவுதான்.

தேயிலைக்கு அந்தச் சரிவு வேண்டும். வேரில் நீர் தேங்கினால் செடி தாங்காது. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது, குளிர்ந்த காற்றும் மழையும் நீர் வடியும் மலைச்சரிவும் ஒரே இடத்தில் அவருக்குக் கிடைத்தன. ஆனால் தேயிலைக்கு நல்லதாக அமைந்தது வாகனத்தை ஜேக் போட்டுத் தூக்குகிறவனுக்குப் பகை. மாணவர்களே, இந்தக் கட்டுரை அந்தப் பகையைப் பற்றியது.

தோட்டத்திலும் சுற்றியுள்ள காய்கறிப் பண்ணைகளிலும் பிக்அப் இல்லாத குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஹைலக்ஸ், ட்ரைடன், டிமேக்ஸ் என்று புதியவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தாத்தா காலத்து லேண்ட் ரோவர். 1948இல் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட அந்த வண்டி, எஃகுத் தட்டுப்பாடு இருந்த போருக்குப் பிந்திய பிரிட்டனில் அலுமினிய உடலோடு பிறந்தது. அதனால் உடல் துருப்பிடிக்காமல், அடிச்சட்டத்தை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே, இன்றும் முட்டைக்கோஸ் சுமந்துகொண்டு மலையேறுகிறது.

இப்படிப்பட்ட வண்டியைச் சின்ன வேலைக்கெல்லாம் பட்டறைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பின் பிரேக் ஷூ மாற்றுவது, லீஃப் ஸ்பிரிங் புஷ் மாற்றுவது, பஞ்சரான டயரைக் கழற்றுவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே நடக்கும். அப்பா ஜேக் அடிப்பார், மகன் டார்ச் பிடிப்பான். அந்த மகன்களில் ஒருவனாகத்தான் நான் பள்ளிப் பருவத்தைக் கழித்தேன். இப்போது ஒரு தொழிற்கல்லூரியில் வாகனப் பிரிவில் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் புதிய மாணவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "பிக்அப்பின் பின்பக்கத்தைத் தூக்கப் போகிறீர்கள். வண்டி நகராமலிருக்க என்ன செய்வீர்கள்?"

பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வார்கள்: "ஹேண்ட்பிரேக் போடுவோம், சார்."

கொஞ்சம் யோசியுங்கள். வழக்கமான பிக்அப்பில் ஹேண்ட்பிரேக் கம்பி எங்கே போகிறது? இரண்டு பின்சக்கரங்களின் டிரம்முக்கு. நாம் எதைத் தூக்கப் போகிறோம்? அதே பின்சக்கரங்களை. தரையைத் தொடாத சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் என்ன பயன்? வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டுமல்ல. டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வும்தான். பின்பக்கம் முழுவதும் காற்றில் இருக்கும்போது தரையில் நிற்பவை முன்சக்கரங்கள் இரண்டு மட்டுமே. அவற்றை ஹேண்ட்பிரேக் தொடுவதே இல்லை.

"அப்படியென்றால் கியரில் போட்டு வைப்போம்" என்பார் இன்னொருவர். ஆட்டோ வண்டி என்றால் 'பி'. இதுவும் அதே கதை. இரு சக்கர இயக்கத்தில் இருக்கும் பிக்அப்பில் கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டு பின் அச்சுக்குத்தான் போகிறது. கியர் பிடிப்பதும் பின்சக்கரங்களைத்தான்.

இனி லேண்ட் ரோவருக்கு வருவோம். இங்கேதான் விஷயம் இன்னும் மோசம்.

நான் நான்காம் படிவம் படித்தபோது எங்கள் லயத்தில் நடந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் தம்முடைய பழைய லேண்ட் ரோவரில் இடது பின்சக்கரத்தின் பிரேக் ஷூவை மாற்ற உட்கார்ந்தார். ஒரு பக்கம் மட்டும்தான் தூக்கினார். வலது சக்கரம் தரையில், ஹேண்ட்பிரேக் கடைசிப் பல் வரை இழுத்தாயிற்று. வாசலில் சரிவு என்று சொல்லும்படிகூட இல்லை. சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுத்தியல் எடுக்க எழுந்தார். வண்டி ஒரு சாண் முன்னால் போனது. ஜேக் சாய்ந்தது. டிரம் நேராகத் தரையில் இறங்கி, அவர் ஒரு நிமிடம் முன்பு கை வைத்திருந்த இடத்தில் கிடந்த ஸ்பேனர் தட்டை நசுக்கியது.

"ஹேண்ட்பிரேக் புடிச்சுத்தானே இருந்துச்சு?" என்று என் மாமா கேட்டார்.

"கையை ஒடிக்கிற மாதிரி இழுத்தேன் மாமா. லூஸா இருக்கும்போல."

அன்று மாலையே ஹேண்ட்பிரேக்கைத் திருகி இறுக்கினார்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டதாக எல்லாரும் நம்பினார்கள். உண்மையில் அந்த ஹேண்ட்பிரேக்கில் எந்தக் கோளாறும் இல்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எனக்கு இது புரிந்தது பல ஆண்டுகள் கழித்து, பொலிடெக்னிக் வகுப்பில் டிஃப்ரன்ஷியலைப் பிரித்து மேசைமேல் வைத்தபோது.

பழைய லேண்ட் ரோவரில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னாலுள்ள டிரான்ஸ்பர் பெட்டியின் முதுகில் ஒரே ஒரு டிரம்மாக இருக்கிறது. அது பிடிப்பது பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டை. நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை அருமையான பிரேக். தண்டு நின்றால் அச்சும் நின்றுவிடும். ஆனால் தண்டுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே டிஃப்ரன்ஷியல் உட்கார்ந்திருக்கிறதே!

டிஃப்ரன்ஷியல் எதற்கு? வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் கட்டினால் டயர் தேயும், வண்டி திரும்ப மறுக்கும். ஆகவே இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கிறது டிஃப்ரன்ஷியல். அதற்கு அது விதிக்கும் நிபந்தனை ஒன்றே. இடது சக்கரத்தின் வேகத்தையும் வலது சக்கரத்தின் வேகத்தையும் கூட்டினால், நடுக்கூட்டின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வர வேண்டும்.

இப்போது ஹேண்ட்பிரேக் தண்டை நிறுத்திவிட்டது. நடுக்கூட்டின் வேகம் சுழியம். ஆக, இரு சக்கர வேகங்களின் கூட்டுத்தொகையும் சுழியம். இரண்டும் சுழியமாக இருக்கலாம். அல்லது ஒன்று கூட்டல் ஐந்தாகவும் மற்றது கழித்தல் ஐந்தாகவும் இருக்கலாம்! இரு சக்கரமும் தரையில் இருந்தால் ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் சுற்ற முடியாது. அதனால் இரண்டும் நிற்கும். ஒன்றைக் காற்றில் தூக்கிய அந்த நொடியில் தடை போய்விடுகிறது. தரையிலுள்ள சக்கரம் முன்னோக்கி உருளும், காற்றில் உள்ளது எதிர்ப்பக்கம் சுற்றும். வண்டிக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. அண்ணன் இழுத்த இழுப்பு முழுவதும் வீண். சக்கரத்தைக் கழற்றியிருந்தாலும் இதே கதைதான். சக்கரத்துக்குப் பதிலாக டிரம் சுற்றும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கல்லூரிப் பட்டறையில், வண்டி ஸ்டாண்டுகளின் மேல் பாதுகாப்பாக நிற்கும்போது, தண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். மற்றது எதிர்த் திசையில் சுற்றும். என் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள். பிறகு யாராவது ஒருவருக்கு ஏதோ நினைவு வந்து, சிரிப்பு நின்றுவிடும்.

லேண்ட் ரோவரில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிட்டால் முன் அச்சும் அதே தண்டோடு பூட்டிக்கொள்ளும். தரையிலுள்ள இரு முன்சக்கரங்கள் வண்டியைப் பிடிக்கும். பிக்அப்பிலும் அப்படியே. நல்ல உபாயம்தான். ஆனால் பல பழைய வண்டிகளில் முன்சக்கர ஹப்பைத் தனியாகத் துண்டித்துவிடும் திருகு இருக்கிறது. அது திறந்திருந்தால் முன் அச்சு பூட்டியும் பூட்டாததுதான். எனவே இதைக் கூடுதல் காவலாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் காவல், முட்டுக்கட்டை. 'நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே' என்று திட்டித் திட்டியே அந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோம். தேர் ஓடும் ஊர்களில் அதன் அருமை தெரியும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. அப்படியிருந்தும் சக்கரத்தோடு ஓடி ஓடி முட்டுக்கட்டை போடும் ஆட்கள் இல்லாமல் தேர் நகராது. பிக்அப்புக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள். பின்பக்கம் தூக்குவதாக இருந்தால் இரண்டு முன்சக்கரங்களுக்கும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆக நான்கு கட்டைகள். கடையில் ரப்பரில் விற்கிறார்கள். கனமான மரத்தை ஆப்பு வடிவில் அறுத்தாலும் போதும். கைக்கு அகப்பட்ட கல்லைச் செருகுவது வேண்டாம். உருண்டையான கல் சக்கரத்தோடு சேர்ந்து உருளும்.

சரிவு எவ்வளவு ஆபத்தானது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்தாம் படிவ இயற்பியலில் விசையைக் கூறுகளாகப் பிரிக்கக் கற்றிருப்பீர்கள். 2,000 கிலோ பிக்அப் 5 பாகைச் சரிவில் நிற்கிறது. 5 பாகை என்பது 100 மீட்டர் போனால் ஏறக்குறைய 9 மீட்டர் இறங்கும் சரிவு. கேமரன் மலைக்காரர்கள் அதைச் சமதளம் என்றே சொல்வார்கள். சைன் 5 பாகை 0.087. பெருக்கினால் 174 கிலோ எடைக்குச் சமமான விசை வண்டியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. வளர்ந்த ஆட்கள் இரண்டு மூன்று பேர் இடைவிடாமல் முதுகைக் கொடுத்துத் தள்ளுவதுபோல. அதோடு, 30 செண்டிமீட்டர் உயர ஜேக்கின் தலை 5 செண்டிமீட்டர் நகர்ந்தாலே அது 9 பாகைக்கு மேல் சாய்ந்துவிடும். அவ்வளவு ஒல்லியான பொருள் அப்படிச் சாய்ந்த பிறகு திரும்ப நிமிராது.

ஆகவே சரிவில் தூக்காதீர்கள். வண்டி ஓடும் நிலையில் இருந்தால் திடலுக்கோ கோயில் வாசலுக்கோ, கேட்டுக்கொண்டு, ஓட்டிப் போங்கள். பத்து நிமிட நடைக்குச் சோம்பல்பட்டு வாசலிலேயே தூக்குகிறவர்கள்தான் அதிகம். பின்னால் காய்கறி ஏற்றியிருந்தால் முதலில் இறக்குங்கள். பிக்அப்பில் ஏற்றும் சுமை ஏறக்குறைய முழுவதும் பின் அச்சின் மேல்தான் உட்காரும்.

தரையும் முக்கியம். மழை பெய்து ஊறிய மலைமண்ணில் ஜேக்கின் அடித்தட்டு மெதுவாகப் புதையும். 10க்கு 10 செண்டிமீட்டர் தட்டு 450 கிலோவைச் சுமந்தால், ஒவ்வொரு சதுரச் செண்டிமீட்டருக்கும் 4.5 கிலோ. அதன் அடியில் 30க்கு 30 அளவில் தடித்த மரப்பலகை போட்டால், அதே எடை ஒன்பது மடங்கு பரப்பில் பரவி, அரைக் கிலோவாகக் குறைந்துவிடும். சக்கரம் வைத்த டிராலி ஜேக்குக்குச் சிமெண்டுத் தரைதான் சரி. வண்டி மேலேறும்போது ஜேக்கின் தலை ஒரு வளைவில் போகும். அதற்கு ஈடாக ஜேக் தானே கொஞ்சம் உருள வேண்டும். மண்ணில் அதன் சக்கரம் புதைந்தால் உருளாது. தலை வழுக்கும்.

ஜேக்கை எங்கே வைப்பது? உங்கள் வண்டியின் கையேட்டில் படம் இருக்கும். பெரும்பாலான பிக்அப்புகளில் பின் அச்சுக்குழாயின் அடியில், லீஃப் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் இடத்துக்கு அருகே. அங்கே பிரேக் எண்ணெய்க் குழாய் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதை நசுக்கிவிட்டால் பிரேக் ஷூ மாற்றப் போனவர் பிரேக்கையே இழந்து திரும்புவார். அடிச்சட்டத்தில் வைத்துத் தூக்கினால் வேறொரு தொல்லை. சட்டம் ஏறும், அச்சு ஸ்பிரிங்கோடு கீழே தொங்கிக்கொண்டே வரும். சக்கரம் தரையை விட்டுக் கிளம்ப வண்டியை வெகு உயரம் தூக்க வேண்டியிருக்கும். உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும்.

தூக்குவதற்கு முன்பே சக்கர நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். இறுகிப்போன நட்டை, வண்டி ஜேக்கில் நிற்கும்போது உதைத்துத் திருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும்.

இனி ஜேக்கைப் பற்றி. அது தூக்கும் கருவி, தாங்கும் கருவி அல்ல. போத்தல் ஜேக்கின் உள்ளே இருப்பது நீங்கள் 'அழுத்தம்' இயலில் படித்த பாஸ்கல் தத்துவம். மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். ஜோசப் பிராமா 1795இல் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் அழுத்தியும் இதுதான். சிறிய உந்துதண்டின் விட்டம் 1 செண்டிமீட்டர், பெரியது 3 என்றால் பரப்பு 9 மடங்கு. கைப்பிடி நெம்புகோல் இன்னொரு 10 மடங்கு தரும். உராய்வை ஒதுக்கிவிட்டால் உங்கள் 6 கிலோ அழுத்தம் மறுமுனையில் 540 கிலோ ஆகிறது. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் அந்த 540 கிலோவையும் தாங்குவது ஒரு ரப்பர் வளையமும், கடுகு போன்ற ஒரு குண்டு அடைக்கும் வால்வும்தான். வளையம் கிழிந்தாலோ, வால்வில் மணல் துகள் சிக்கினாலோ எண்ணெய் திரும்பி ஓடும். மெதுவாக இறங்கலாம், சட்டென்றும் இறங்கலாம்.

அதனால்தான் ஜேக் ஸ்டாண்டு. எண்ணெய் இல்லை, வால்வு இல்லை. இரும்பு இரும்பின்மேல் உட்காரும். அச்சுக்குழாயின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக, ஒரே உயரத்தில், ஜோடியாக வைத்து, வண்டியை மெதுவாக அதன்மேல் இறக்க வேண்டும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியிலும் பலகை. ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2020இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக்கடை நிறுவனம் தான் விற்ற லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. தொழிற்சாலையின் வார்ப்புக் கருவி தேய்ந்து, உயரத்தைப் பூட்டும் பல் சரியாக மாட்டாமல் போயிருந்தது. எனவே பல் முழுதாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு, அடியில் போகும் முன், பக்கவாட்டில் கை வைத்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் யாரும் அடியில் இல்லாத அப்போதே விழட்டும்.

ஸ்டாண்டு வாங்கக் காசில்லை என்று செங்கல்லையும் ஓட்டைச் சிமெண்டுக் கல்லையும் அடுக்குகிறவர்கள் உண்டு. சுவராக நிற்கும்போது அந்தக் கல் பலமானதுதான். பாரம் அதன் பரப்பு முழுவதும் பரவுகிறது. ஆனால் அச்சுக்குழாய் ஒரு கோட்டில் அழுத்தும். அப்போது இரும்புபோல் வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, மரம்போல் முனகவும் செய்யாது. ஒரே வெடிப்பில் தூளாகும். கழற்றிய சக்கரத்தை அடிச்சட்டத்தின் கீழ் படுக்க வைப்பது செலவே இல்லாத நல்ல பழக்கம். எல்லாம் கைவிட்டாலும் வண்டி அந்தச் சக்கரத்தின்மேல் விழும். அடியில் ஆளுக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

அந்தக் கொஞ்சம் இடம் ஏன் முக்கியம் தெரியுமா? வண்டி மார்பில் அமர்ந்தால் எலும்பு முறியாமலேயே உயிர் போகலாம். மார்பு விரிய முடியாதபோது மூச்சை இழுக்க முடியாது. மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். தானா ராத்தாவில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் தோட்டத்து லயத்துக்கும் அதற்கும் நடுவே ஒற்றை வண்டிப் பாதையும் வளைவுகளும் இருக்கின்றன. வாரக் கடைசியில் சுற்றுலா நெரிசல் வேறு. 999ஐ அழைத்தாலும் அந்தச் சில நிமிடங்கள் உங்கள் வாசலிலேயே கழிந்துவிடும். ஆகவே தனியாக இந்த வேலையைச் செய்யக் கூடாது. டார்ச் பிடிக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் இன்னொரு வேலையும் உண்டு என்று சொல்லி வையுங்கள்: ஜேக் எங்கே, எப்படி மறுபடி தூக்குவது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிற்கும் இடம் வண்டிக்குப் பக்கத்தில். முன்னாலோ பின்னாலோ அல்ல.

"அப்பா கேட்க மாட்டாரு சார், முப்பது வருசமா இப்படித்தான் செய்றேன்னு சொல்வாரு" என்று மாணவர்கள் முறையிடுவதுண்டு. நான் அப்பாக்களோடு வாதாடச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து வருவதற்குள் நான்கு கட்டைகளையும் முன்சக்கரங்களில் செருகி வைத்துவிடுங்கள் என்பேன். யாரும் அதை எடுத்து வீசியதாக இதுவரை கேள்விப்படவில்லை. எங்கள் மாமா மட்டும், டிஃப்ரன்ஷியல் கணக்கை நான் தரையில் குச்சியால் எழுதிக் காட்டியபோது, முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பயல் வீட்டு ஹேண்ட்பிரேக்கை நாம சும்மாதான் திருகினோமா?" என்றார்.

வேலை முடிந்ததும் வரிசை தலைகீழ். சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் திருகுங்கள். ஜேக்கால் கொஞ்சம் தூக்கி ஸ்டாண்டுகளை எடுங்கள். அடியில் ஸ்பேனர் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். சக்கரம் தரையில் அழுந்திய பிறகுதான் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முழுதாக இறுக்க வேண்டும். ரிங்லெட் வரை ஒரு முறை போய்வந்து மறுபடியும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தில் ஒன்றிரண்டு நட்டு கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும். முன்சக்கரத்து முட்டுக்கட்டைகளை எடுப்பது, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை மிதித்த பிறகு.